மூன்றாம் வருகை வரை

12-2-1973, திங்கள்

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். படிவத்தில் நான்காவது கட்டம் குடும்பத்தில் உள்ளோர் எண்ணிக்கைக்கு உரியது. ஐந்தாவது கட்டம் ஆடு, மாடு, கோழி, வாத்து முதலியவற்றுக்கு. நான் நான்காவதில் 340 என்றும் ஐந்தாவதில் 2 என்றும் எழுதிவிட்டேன். உண்மை இதுதான்: அன்னம்மாள் என்பவரும் அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தையும் 340 வாத்துகளோடு கூரம் ஏரிக்குக் கீழே, அறுவடை முடிந்த ஒரு வயலில் தங்கியிருக்கிறார்கள்.

மாலை அலுவலகம் திரும்பியதும் நானாகவே சூப்பர்வைசர் ஆதிகேசவனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடிச்சுத் திருத்தினியா?"

"இல்ல சார். உங்கள கேட்டுக்கினு திருத்தலாம்னு..."

"நல்ல வேள. அடித்தல் திருத்தல் கூடாது. விதி எட்டு. அப்டியே இருக்கட்டும்."

"ஒரே குடும்பத்துல முந்நூத்தி நாப்பது பேர்னு ஆவுதே சார்?"

"சராசரி எடுக்கறப்ப கரைஞ்சிடும்பா. சாயங்கால வகுப்புல புள்ளியியல் படிக்கிற. இதுகூடவா தெரியாது?"

எனக்குத் தெரியவில்லை. மாலை வகுப்பில் இன்னும் சராசரி முடியவில்லை. குறித்துவைத்துக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள். எங்கள் அலுவலகத்தின் பெயர் அலைகுடி மக்கள் ஆய்வு நிலையம். ஒரு தறிக்காரர் வீட்டு மாடியில் இருக்கிறது. கீழே மூன்று தறிகள். தறிச் சத்தம் மக்கள் இயக்கத்தைப் பற்றிச் சிந்திக்க இடையூறாக இருக்கிறது என்று இயக்குநர் அப்பாதுரை வீட்டுக்காரருக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் நிற்காமல் திரிகிற வாத்துக்காரர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், சாணை பிடிக்கிறவர்கள் ஆகியோரை எண்ணுவது எங்கள் வேலை. இவர்கள் இதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் சரியாக அகப்பட்டதில்லை. தேடிப் போகும் இடத்தில் இவர்கள் இல்லாமல் இருப்பதே அதற்குக் காரணம் என்று இயக்குநர் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

அவர் வகுத்த முறைக்கு மும்முறை வருகை முறை என்று பெயர். ஒரு குடும்பத்தை ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை, முதலில் கண்ட அதே இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றும் முடிந்த பிறகு, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஓர் அட்டை கிடைக்கும். அதில் பெயர் இருக்கும். மேல்விலாசம் என்ற இடத்தில் எங்கள் நிலையத்தின் விலாசம் இருக்கும்.

படிவத்தின் முதல் கேள்வி, வீட்டுச் சுவர் செங்கல்லா, மண்ணா, வேறா என்பது. கேட்டேன்.

"இன்னா தம்பி, கண்ணு தெரியலயா?" என்றார் அன்னம்மாள். வாத்துகளைச் சுற்றிக் கட்டியிருந்த வலையைக் காட்டினார். "வாத்துக்கு சுவர் இருக்குது. எனக்கு இல்ல. எழுதிக்கோ."

வேறு என்று எழுதினேன்.

அட்டையைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அதுல மேல்விலாசம் போட்டிருக்குமா?"

"இருக்கும் அக்கா."

பிறகு அவரே சொன்னார். கணவர் பெயர் வீராசாமி. மார்பில் காசநோய். "ஒன்ற வருசம் உடாம மருந்து சாப்டணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. எழுதிக்கறதுக்கு மேல்விலாசம் குடுன்னாங்க. இவுரு இன்னா குடுப்பாரு? ஏரிப் பேரச் சொன்னாரு. எந்த ஏரின்னாங்க. மாசிக்கு ஒண்ணு, பங்குனிக்கு ஒண்ணுன்னாரு. சிரிச்சுட்டு அடுத்த ஆளக் கூப்ட்டாங்க."

இந்த ஆண்டு வயலில் சிந்திய நெல் குறைவு என்பதால் வாத்துகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வீராசாமியும் அவர் தம்பி தாவீதும் ஒரு பாதியோடு தென்னேரிக்குப் போயிருக்கிறார்கள். மாசிப் பௌர்ணமிக்குள் அன்னம்மாளும் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பேச்சு. வாத்துகளை ஓட்டிக்கொண்டு போக மூன்று நாள் ஆகும்.

பௌர்ணமி 17ஆம் தேதி. மூன்றாம் வருகை 26ஆம் தேதி. விதி பதினொன்றின்படி, மூன்றாம் வருகை வரை இடம் பெயர வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்புடன் கேட்டுக்கொண்டேன்.

"அந்த சீட்டக் காட்டினா மருந்து குடுப்பாங்களா தம்பி?"

"மேல்விலாசம் இருக்குமே அக்கா" என்றேன். கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்க மாட்டார்கள் என்றும் சொல்லவில்லை.

"அப்ப இருக்கறேன்" என்றார்.

14-2-1973, புதன்

அலுவலகச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிவப்புக் குண்டூசி. இன்று கூரத்தில் நான் ஒன்று குத்தினேன். என்னோடு வேலை பார்க்கும் அர்ஜுனன் தென்னேரியில் ஒன்று குத்தினான். அவன் நேற்று அங்கே சந்தித்த குடும்பத்தின் தலைவர் பெயர் வீராசாமி. உடன் தம்பி தாவீது, வாத்து 300.

"அவுங்களையும் இருக்கச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"விதி பதினொண்ணு. சொல்லாம?" என்றான்.

இவர்கள் இடம் மாறினால் குண்டூசியை எப்படி மாற்றுவது என்று ஆதிகேசவனிடம் கேட்டேன்.

"மாத்தக் கூடாதுப்பா. எடுத்துக் குத்தினா படத்துல ஓட்டை விழும். டில்லிலேர்ந்து வர்றவங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

19-2-1973, திங்கள்

இரண்டாம் வருகை. அன்னம்மாள் அதே இடத்தில் இருந்தார். வாத்துகள் மட்டும் அப்படியே இல்லை. வயலில் சிந்தியிருந்த நெல் ஆறாம் நாளே தீர்ந்துவிட்டதாம். வெறும் சேற்றில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

நிலத்துக்காரர் குப்புசாமி வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஒரு வாரம்னு சொல்லிட்டு வந்த. நான் ஏர் பூட்ட வேணாமா? ஒங்கள மாதிரி ஆளுங்க ஒரு எடத்துல நிக்க மாட்டாங்கன்னுதான உட்டேன்!" என்னைப் பார்த்ததும், "நீதான் நிக்கச் சொன்னவனா? உன் ஆபீஸ்ல வந்து நாலு நாளு மேயச் சொல்லட்டுமா இதுங்கள?" என்றார்.

நான் விதி பதினொன்றை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. ஆனாலும் அன்னம்மாள் முட்டைக் கூடையை அவரிடம் கொடுத்த பிறகு போய்விட்டார். இன்றைய முட்டை முழுவதும் அதில் இருந்தது.

பௌர்ணமிக்குத் தென்னேரி போகாததைப் பற்றிக் கேட்டேன். சைக்கிளில் முட்டை வாங்க வருகிறவரிடம் சொல்லி அனுப்பினாராம். பதிலும் வந்துவிட்டதாம்.

"அவருகிட்டயும் ஒங்க ஆளு வந்து இருக்கச் சொல்லிட்டாராமே. நல்லாத்தான் இருக்கேன், சீட்ட வாங்கிக்கினு மெதுவா வான்னு சொல்லி அனுப்சாரு." சிரித்தார். "மெதுவா வாவாம். கல்யாணம் கட்னதுலேர்ந்து இந்த ஆளு மெதுவா வான்னு சொன்னதே இல்ல, தெரியுமா? வேகமா நட, வேகமா நடன்னுதான் உயிர எடுப்பாரு."

படிவத்தில் இரண்டாம் வருகை: உள்ளார் என்று குறித்தேன்.

21-2-1973, புதன்

ஒருவருடைய படிவத்தை மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இன்று அர்ஜுனனின் படிவங்கள் எனக்கு வந்தன. தென்னேரி, வீராசாமி, இரண்டாம் வருகை, நேற்று. உள்ளார். உடல்நிலை என்ற கட்டத்தில் அவன் சிறிய எழுத்தில் எழுதியிருந்தான்: இருமலில் ரத்தம். எழுந்து உட்கார முடியவில்லை. கேள்விகளுக்குத் தம்பி பதில் சொன்னார். கூரத்தில் உள்ள மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று வீராசாமி தம்பியிடம் சைகை செய்தார்.

கடைசி வாக்கியம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. சரிபார்ப்பவர் என்ற முறையில் அதை நான் குறையாகக் குறிக்க வேண்டும். குறிக்கவில்லை.

ஆதிகேசவனிடம் போனேன். நான் அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"தர்மா, நீ இன்னா ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்க? ஒரு குடும்பத்தோட தகவல இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது."

"ரெண்டும் ஒரே குடும்பம் சார்."

"நம்ம கணக்குல ரெண்டு குண்டூசி. இப்ப நீ போய்ச் சொன்னா அது கெளம்பிடும். மூணாவது விசிட் போச்சு. பதினாலு நாள் வேல தண்டம்."

நான் நகராமல் நின்றதால் என்னை இயக்குநரிடம் அழைத்துப் போனார். இயக்குநர் அப்பாதுரை கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. இளம் ஆய்வாளருக்கு வரும் சோதனை இது. மக்களிடமிருந்து தகவல் பெறுவது நம் பணி. மக்களுக்குத் தகவல் தருவது நம் பணி அல்ல. அதற்கு அரசாங்கத்தில் தனித் துறை இருக்கிறது. தவிர, நாம் அவர்களை எந்த வகையிலும் பாதித்துவிடக் கூடாது. நாம் அங்கே போகாமல் இருந்தால் அவர்கள் எப்படி இருப்பார்களோ, அப்படியே இருக்க வேண்டும்."

"நாம போகாம இருந்தா அந்த அம்மா போன வாரமே தென்னேரிக்குப் போயிருக்கும் சார்."

அவர் காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "நல்ல அவதானிப்பு. அறிக்கையில் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்" என்றார்.

வகுப்பு முடிந்து வந்து நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன். நாளை சொன்னால்: அவர் உடனே புறப்படுவார். 25ஆம் தேதி சேருவார். அட்டை இருக்காது. ஆஸ்பத்திரியில் பழைய கேள்விதான். 26ஆம் தேதி வரை பொறுத்தால்: அட்டையோடு புறப்படுவார். 1ஆம் தேதி சேருவார். மருந்து கிடைக்கும். வித்தியாசம் நான்கு நாள். இரண்டாவது பத்தியே சரி என்று தோன்றியது. கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன்.

24-2-1973, சனி

நிலையத்தின் கருத்தரங்கம். டில்லியிலிருந்து இருவரும் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரும் வந்திருந்தார்கள். களப்பணியாளர்கள் நாற்காலி போட்டோம்.

முதலில் செய்முறை விளக்கம். அலைகுடி மனிதரை அணுகுவது எப்படி என்று இயக்குநர் மேடையில் நடித்துக் காட்டினார். ஆதிகேசவன் அலைகுடி மனிதராக நடித்தார். பதினைந்து நிமிடமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அணுகுவதில் எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு இயக்குநர் பேசினார். "சென்ற ஆண்டு முன்னோட்ட ஆய்வில் இரண்டாம் வருகையிலேயே பத்தில் ஏழு குடும்பங்கள் மறைந்துவிட்டன. இந்த ஆண்டு இருநூற்றுப் பதினான்கு குடும்பங்களில் ஒன்றுகூட மறையவில்லை. இவர்களைத் தேட முடியாது என்றார்கள். தேட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்திருக்கிறோம். இன்னொரு செய்தி. இவர்களுடைய குடும்பங்கள் நாம் நினைத்ததைவிடப் பெரியவை. ஒரே குடும்பத்தில் முந்நூற்று நாற்பது பேர் வாழ்வதை இந்த ஆய்வுதான் முதன்முதலில் வெளிக்கொணர்ந்திருக்கிறது."

டில்லிக்காரர் ஒருவர் இதை எழுதிக்கொண்டார். எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பின்வரிசையில் இருந்தேன். எழுந்தால் நாற்காலிச் சத்தம் கேட்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "மூன்று முறையும் அதே இடத்தில் இருந்தால் அவர்களை அலைகுடி என்று எப்படிச் சொல்வது?"

"அது மூன்றாம் வருகைக்குப் பிறகுதான் தெரியும்" என்றார் இயக்குநர்.

எனக்கு அப்போது அந்தப் பதில் நிதானமானதாகப் பட்டது.

26-2-1973, திங்கள்

மூன்றாம் வருகை. காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். வலை சுருட்டிக் கட்டியிருந்தது. பானை, பாய், முட்டைக் கூடை எல்லாம் ஒரே மூட்டையாக இருந்தன. குழந்தைக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தார். வாத்துகள் வரப்பின் மேல் வரிசையாக நின்றன. எண்ணினேன், 311. மற்றவை எங்கே என்று நான் கேட்கவில்லை.

"சீட்டு எங்க தம்பி?"

"சாயங்காலம் கையெழுத்தாவும் அக்கா. நாளைக்கு அர்ஜுனன் தென்னேரிக்குக் கொண்டாந்து குடுத்துடுவான். நீங்க பொறப்படலாம்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "பரவால்ல. எனக்கு முன்னாடியே அவரு கைக்குப் போயிடும்" என்றார். மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வேகமா போங்க அக்கா" என்றேன்.

நின்று திரும்பினார். "இன்னாத்துக்கு?"

சொல்லியிருக்கலாம். அந்த நேரம் அங்கே நாங்கள் மட்டும்தான் இருந்தோம். விதி புத்தகம் பையில் இருந்தது.

"வெயில் ஏறிடும்" என்றேன்.

"நீயும் அந்த ஆளு மாதிரியே பேசறியேப்பா" என்று சிரித்தார். கோலால் ஒரு தட்டுத் தட்டினார். வாத்துகள் வாய்க்காலில் இறங்கின. கடைசி வாத்து வாய்க்கால் வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டுப் படிவத்தில் உள்ளார் என்று எழுதினேன்.

மாலையில் ஆதிகேசவன் படிவத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு தடவயும் அதே எடம். நிலைகுடி. தகுதி இல்ல."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஆய்வு அலைகுடிகளுக்கானது. பதினைந்து நாள் ஒரே இடத்தில் இருந்தவரை அலைகுடி என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு முறை இருந்து மூன்றாம் முறை இல்லாமல் போனவரே அலைகுடி. அவருக்கே அட்டை. அதையும் அதே இடத்தில் நேரில்தான் ஒப்படைக்க வேண்டும்.

"நாமதான சார் இருக்கச் சொன்னோம்?"

"இருக்கச் சொன்னது நம்ம வேண்டுகோள். இருந்தது அவங்க முடிவு."

27-2-1973, செவ்வாய்

அர்ஜுனன் மாலை ஐந்தரைக்கு வந்தான். படிவத்தை மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

வீராசாமி நேற்று விடியற்காலையில் இறந்துவிட்டார். பக்கத்துக் காலனியிலிருந்து நான்கு பேர் வந்து உதவியிருக்கிறார்கள். யாருக்காகவும் காத்திருக்க வழியில்லாமல், நேற்று மதியமே ஏரிக்கரைக்கு அப்பால் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் கூரத்தில் மூட்டையைத் தூக்கிவிட்டபோது அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

தாவீது அர்ஜுனனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "அண்ணி இங்க வந்து, கூடாரத்துக்குள்ள எட்டிப் பாத்து, எங்கடா உங்க அண்ணன்னு என்னக் கேக்கக் கூடாது சார். என்னால முடியாது. வாத்த உட்டுட்டு நான் நகரவும் முடியல. ஒங்க ஆபீஸ்லதான் யாரு யாரு எங்க எங்க இருக்காங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்க. வழியிலயே யாராவது சொல்லிடுங்க சார்."

ஆதிகேசவன் பேனாவை எடுத்தார். "மூணாவது விசிட்ல ஆளு இருந்தாரா, இல்லயா?"

"செத்துட்டார் சார்."

"அதுக்குக் கட்டம் இல்லப்பா. இருந்தாரா, இல்லயா?"

"இல்ல சார்."

"ரெண்டு தடவ இருந்தாரு. மூணாவது தடவ இல்ல." அவர் குரலில் மெதுவாக ஒரு மகிழ்ச்சி வந்தது. "தகுதி இருக்குதுப்பா!"

இயக்குநர் அறையை விட்டு வெளியே வந்தார். இருநூற்றுப் பதினான்கு குடும்பங்களில் தகுதி பெற்ற முதல் குடும்பம் இதுதான். மும்முறை வருகை முறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றார். அர்ஜுனனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நின்றபடியே அட்டையில் கையெழுத்துப் போட்டார். எண் 1. பெயர் வீராசாமி. மேல்விலாசம் தெளிவாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. டில்லிக்கு இன்றே எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஆதிகேசவனிடம், அன்னம்மாள் வழியில் வந்துகொண்டிருக்கிறார், நாளை நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

"மூணு விசிட் முடிஞ்ச குடும்பத்த எதுக்குப் பாக்கணும்? நாலாவது வருகைன்னு நம்ம முறையில ஒண்ணு கிடையாது. அது இப்ப எங்க இருக்குதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

தெரியாது. வரைபடத்தில் கூரத்துக் குண்டூசி அப்படியே இருந்தது.

மாலை வகுப்புக்குப் போகவில்லை. 21ஆம் தேதி எழுதிய இரண்டு பத்திகளைத் திரும்பப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. அன்று நான் சொல்லியிருந்தால் அவர் 25ஆம் தேதி போய்ச் சேர்ந்திருப்பார். ஓர் இரவு கணவரோடு இருந்திருப்பார். அந்த ஒரு வரியை நான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

நாளை செய்ய வேண்டியது: ஒரு நாள் விடுப்பு விண்ணப்பம், காரணம் சொந்த வேலை, அர்ஜுனனிடம் கொடுத்தனுப்ப வேண்டும். அண்டை வீட்டு சைக்கிளுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். நேற்று ஒன்பதரைக்குக் கிளம்பியவர் இன்றிரவு எங்கள் ஊரைத் தாண்டி வாலாஜாபாத் சாலைப் பக்கம், தண்ணீர் உள்ள ஏதாவது ஏரியோரம் தங்கியிருப்பார். முட்டை வாங்குகிறவர்களிடமும் வயலில் நிற்பவர்களிடமும், ஒரு பெண், ஒரு குழந்தை, முந்நூறு வாத்து என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். மதியத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் இறங்கி, குழந்தையை வாங்கிக்கொண்டு, அவரை உட்காரச் சொல்லி, சொல்ல வேண்டும். பிறகு வாத்துகளை ஓட்டிக்கொண்டு அவரோடு தென்னேரி வரை நடக்க வேண்டும்.